டிரைவிங் ஸ்கூல் வண்டிக்கு இன்சூரன்ஸ் யாரிடம் வாங்குவது, எப்படி வாங்குவது: வேலூர் மாஸ்டர்களுக்கு ஒரு வழிகாட்டி

இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் நசுங்கிய பம்பரை அப்புறம்தான் பார்த்தார். முதலில் இடது பக்கக் கதவைத் திறந்து குனிந்தார். காலடியில் இருந்த கூடுதல் கிளட்ச், பிரேக் இரண்டையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். "இது ஸ்கூல் வண்டிங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பாலிசியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல அப்படி இல்லையே சார்" என்றார்.

காட்பாடி காந்தி நகரில் ஒரு குறுக்குத் தெருவில் ரிவர்ஸ் எடுக்கும்போது மாணவர் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்து, கேட் தூணில் மோதிய வண்டி அது. பில் 31,000 ரூபாய். முழுவதும் என் கையைக் கடித்தது. கம்பெனியைத் திட்டி என்ன பயன்? ராத்திரி பதினொரு மணிக்குப் படுத்தபடியே செல்போனில் வாங்கிய பாலிசி. மற்ற இடங்களைவிட இரண்டாயிரத்துச் சொச்சம் குறைவு. வணிகப் பயன்பாடு உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று தட்டியது என் கட்டைவிரல்தான்.

அதனால் எந்தக் கம்பெனி மலிவு என்பதில் ஆரம்பிக்காதீர்கள். 'இந்த வண்டி பயிற்சிக்கு ஓடுகிறது' என்ற வரியை யார் எழுத்தில் தருகிறார் என்று தேடுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அதை ஒட்டித்தான்.

முதல் படி: காகிதங்களை ஒன்றாகப் பரப்பி வையுங்கள்

ஆர்.சி., ஸ்கூல் லைசென்ஸ், பழைய பாலிசி மூன்றையும் மேஜையில் வைத்துப் பெயரை ஒப்பிடுங்கள். ஆர்.சி. அப்பா பெயரில், ஸ்கூல் லைசென்ஸ் மகன் பெயரில், பாலிசி முந்தைய ஓனர் பெயரில் என்று ஓடுகிற வண்டிகள் நம் ஊரில் நிறைய. ராணிப்பேட்டைப் பக்கம் டி.என். 73 வண்டி ஒன்றை செகண்ட் ஹேண்டாக வாங்கி, இங்கே எல் போர்டு மாட்டி ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி தேர்டு பார்ட்டி பகுதி (வண்டியால் அடுத்தவருக்கு நேரும் இழப்புக்கானது) வண்டியோடு வந்துவிடும். ஆனால் பாலிசியில் பெயர் மாற்ற 14 நாட்களுக்குள் நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் சொந்த வண்டிச் சேதத்துக்குப் பணம் கேட்கும்போது சிக்கல்தான். கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காகப் பழைய ஓனருக்குக் கிடைத்த பிரீமியத் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் உங்களுக்கு வராது. அது ஆளுக்கு உரியது, வண்டிக்கு உரியதில்லை.

ஆர்.சி.யில் வண்டியின் வகை என்ன என்று போட்டிருக்கிறதோ, பாலிசியிலும் அதே வகை இருக்க வேண்டும். இதில் பேரம் கிடையாது.

இரண்டாம் படி: வண்டி என்ன வேலை செய்கிறது என்று வாய் திறந்து சொல்லுங்கள்

தனியார் கார் பாலிசி எதை எடுத்துப் பார்த்தாலும் பயன்பாட்டு வரம்பு என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டுவது, சரக்கு ஏற்றுவது, பந்தயம், வேகச் சோதனை, மோட்டார் வியாபாரம் தொடர்பான வேலை ஆகியவை தவிர மற்ற எல்லாவற்றுக்கும் செல்லும் என்று சொல்லும். கட்டணம் வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுப்பது இதில் எந்தப் பக்கம் விழும் என்று ஆளுக்கு ஆள் வாதாடலாம். விபத்து நடந்த பிறகு அந்த வாதத்தில் நாம் ஜெயிப்போம் என்று நம்பி உட்கார வேண்டாம். பல கம்பெனிகளின் விண்ணப்பப் படிவத்தில் 'ஓட்டுநர் பயிற்சிக்குப் பயன்படுத்தப்படுகிறதா' என்று தனிக் கேள்வியே இருக்கிறது. ஆம் என்றால் பிரீமியம் ஏறும். ஏறட்டும்.

மாணவர் ஓட்டலாமா என்பது வேறு விஷயம், இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) வைத்திருப்பவரும் ஓட்டலாம் என்று பாலிசியின் ஓட்டுநர் பகுதியிலேயே இருக்கும். ஆனால் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 3ஆம் விதியை அவர் பூர்த்தி செய்ய வேண்டும். கையில் செல்லுபடியாகும் எல்.எல்.ஆர்., பக்கத்தில் லைசென்ஸ் உள்ள பயிற்சியாளர், அவர் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருப்பது, முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு 'எல்'. ஸ்வரண் சிங் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றமும் எல்.எல்.ஆர். உள்ளவர் ஓட்டியபோது நடந்த விபத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்று சொன்னது.

கற்பவர் ஓட்டினார் என்பதால் பாலிசி போகாது. எல்.எல்.ஆர். காலாவதியானால்தான் வம்பு. அது ஆறு மாதம்தான் செல்லும். கல்யாணம், பரீட்சை என்று நடுவில் நிறுத்திவிட்டு ஏழாவது மாதம் "மாஸ்டர், வர்றேன்" என்று வந்து நிற்பவரை, தேதி பார்க்காமல் ஸ்டியரிங்கில் உட்கார வைக்காதீர்கள்.

கம்பெனிக்கோ ஏஜெண்டுக்கோ நான் அனுப்பும் வாசகம் இது. அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: "இந்த வண்டி லைசென்ஸ் பெற்ற டிரைவிங் ஸ்கூலில் கட்டணம் வாங்கிப் பயிற்சி கொடுக்கப் பயன்படுகிறது. டபுள் கண்ட்ரோல் (பயிற்சியாளர் பக்கமும் கிளட்ச், பிரேக்) பொருத்தியிருக்கிறது. எல்.எல்.ஆர். உள்ள மாணவர்கள் எங்கள் பயிற்சியாளருடன் ஓட்டுவார்கள். இந்தப் பயன்பாட்டைப் பாலிசியில் குறிப்பிட்டுத் தர முடியுமா, கூடுதல் பிரீமியம் எவ்வளவு?" மின்னஞ்சலில் அனுப்புங்கள், பதிலும் மின்னஞ்சலில் கேளுங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்று போனில் சொல்வது பதில் ஆகாது.

டபுள் கண்ட்ரோலை மறைக்கவே கூடாது. இருசக்கர வண்டி தவிர மற்ற பயிற்சி வண்டிகளில் அது இருக்க வேண்டும் என்பதே அதே மத்திய விதிகளின் 24ஆம் விதி. சட்டம் கேட்பதைப் பொருத்திவிட்டு இன்சூரன்ஸில் ஏன் ஒளிக்க வேண்டும்?

மூன்றாம் படி: வண்டிக்குள் இருப்பவர்களை எண்ணுங்கள்

தேர்டு பார்ட்டி என்பது வண்டிக்கு வெளியே இருப்பவருக்கு. கிரீன் சர்க்கிளில் நடந்து போகிறவர் மீது மோதினால், உயிரிழப்புக்கும் காயத்துக்கும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொல்லும் தொகை வரம்பின்றிப் பொருந்தும். காராக இருந்தால் அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை. பயன்பாட்டு நிபந்தனையை மீறியிருந்தால், காயம்பட்டவருக்குக் கம்பெனி கொடுத்துவிட்டு அந்தத் தொகையை ஓனரிடம் வசூலித்துக்கொள்ளத் தீர்ப்பாயம் அனுமதிப்பதும் உண்டு. வீட்டை விற்க வைக்கும் பகுதி இதுதான், பம்பர் இல்லை.

இனி உள்ளே வருவோம். ஓனர் நீங்களே, உங்களிடம் லைசென்ஸும் இருக்கிறது என்றால் 15 லட்சத்துக்குக் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு உங்களுக்கு. ஆர்.சி. கூட்டு நிறுவனத்தின் பெயரில் இருந்தால் இது கிடையாது. சம்பளத்துக்கு வைத்திருக்கும் மாஸ்டருக்கு இதில் ஒரு பைசா வராது.

அவருக்கு என்ன வழி? பாலிசியில் சேர்க்கும் பகுதிகளுக்கு ஐ.எம்.டி. என்று எண் உண்டு. ஐ.எம்.டி. 28 சம்பள டிரைவருக்கு. ஆனால் நம் மாஸ்டர் விபத்து நேரத்தில் ஓட்டவில்லை, இடது சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். 'இவர் டிரைவரே இல்லையே' என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? டிரைவர் அல்லாத ஊழியர்கள் முதலாளியின் வண்டியில் பயணம் செய்யும்போது பொருந்துவது ஐ.எம்.டி. 29. நான் இரண்டையும் போட்டுவிடுகிறேன். இரண்டும் சேர்ந்து வருகிற செலவு ஒரு வேளைக் குடும்பச் சாப்பாட்டுக்குக் கூட வராது. இவை முதலாளியாக உங்கள் மேல் விழும் சட்டப் பொறுப்புக்கானவை என்பதை நினைவில் வையுங்கள். மாஸ்டரின் கைக்கே நேராகப் பணம் வர அவர் பெயரில் தனி விபத்துப் பாலிசி வேண்டும்.

அப்புறம் மாணவர். இங்கேதான் பெரிய ஓட்டை. ஸ்டியரிங்கில் இருப்பவர் ஓனர் இல்லை, சம்பள டிரைவரும் இல்லை, சாதாரணப் பயணி என்றும் சொல்ல முடியாது. தப்பும் அவர் கையில் என்றால் தேர்டு பார்ட்டி என்று போய்க் கேட்கவும் முடியாது. பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான பகுதியைச் சேர்த்துவிட்டு, 'மாணவர் ஓட்டும்போது அடிபட்டால் இது பொருந்துமா' என்று எழுதிக் கேளுங்கள். பொருந்தாது என்று பதில் வந்தால், சேரும் மாணவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு குழு விபத்துப் பாலிசி எடுப்பது நல்லது. குறைந்தபட்சம், அட்மிஷன் போடும் அன்றே பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்ந்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். வங்கிக் கணக்கு இருந்தால் போதும், வருடம் 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்சம். பாதிப் பேர் சேர்ந்ததே தெரியாமல் சேர்ந்திருப்பார்கள்.

நான்காம் படி: சொந்தச் சேதத்துக்கு எவ்வளவு செலவழிப்பது

புது வண்டியோ, கடனில் உள்ள வண்டியோ என்றால் தேர்டு பார்ட்டியும் சொந்தச் சேதமும் சேர்ந்த ஃபுல் இன்சூரன்ஸ்தான். பத்து வருட ஓட்டை வண்டிக்கு தேர்டு பார்ட்டி மட்டும் போதுமா என்பதை அதன் மதிப்பை வைத்து முடிவு செய்யுங்கள்.

பயிற்சி வண்டியில் முதலில் போவது கிளட்ச் பிளேட். சித்தூர் பஸ் ஸ்டாண்ட் ரோட்டில் அரை கிளட்ச்சிலேயே ஒரு கிலோமீட்டர் ஓட்டும் மாணவர் நம் எல்லோரிடமும் ஒருவர் உண்டு. கிளட்ச் தேய்மானத்துக்கு எந்தப் பாலிசியும் பணம் தராது. தேய்மானமும் இயந்திரக் கோளாறும் விபத்தில் சேராது. டயரும் அப்படித்தான். விபத்தில் வண்டியும் சேர்ந்து அடிபட்டால் மட்டும், அதுவும் பாதித் தொகை.

அடுத்தது பம்பர். இதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பம்பர் 4,000, பெயின்டிங் 2,000 என்று வையுங்கள். பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், 2,000 போயிற்று. பெயின்டிங்கில் 25 சதவீதத்தைப் பொருள் செலவு என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், இன்னொரு 250. மிச்சம் 3,750. கட்டாயமாக நீங்கள் ஏற்கும் தொகை 1,500 சி.சி. வரை 1,000 ரூபாய். கடைசியில் கைக்கு வருவது 2,750. இதற்காக நோ கிளெய்ம் போனஸ் பூஜ்யத்துக்கு இறங்கும். அது 20, 25, 35, 45, 50 என்று வருடா வருடம் ஏறுவது. இப்போது 35இல் இருக்கிறீர்கள், சொந்தச் சேதப் பிரீமியம் 8,000 என்றால் அடுத்த வருடம் வர வேண்டிய 45 சதவீதத் தள்ளுபடி, அதாவது 3,600 ரூபாய், போய்விடும். மறுபடி ஒன்றிலிருந்து ஏறி வர வருடங்கள் ஆகும். ஆகவே சின்னக் கீறலுக்கெல்லாம் டிங்கரிங் பட்டறையில் கையிலிருந்து கொடுத்துவிடுங்கள். பெரிய அடிக்கு மட்டும் கிளெய்ம்.

பம்பர் டு பம்பர் என்று சொல்கிற தேய்மானமில்லாத பாலிசி இந்தக் கழிவை எல்லாம் நீக்கும். பெரும்பாலும் ஐந்து வருடத்துக்குட்பட்ட வண்டிக்குத்தான், வருடத்துக்கு இத்தனை கிளெய்ம் என்று எண்ணிக்கையும் போட்டிருப்பார்கள். பயிற்சி வண்டிக்குத் தருவார்களா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

உங்கள் வண்டியை வணிக வாகனம் என்ற வகையில் போட்டுத் தந்தால் ஐ.எம்.டி. 23 இருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் விளக்கு, பம்பர், மட்கார்டு, அடிபட்ட இடத்து பெயின்ட் எதற்கும் பணம் வராது. பயிற்சி வண்டி அடிபடுவதே அந்த இடங்களில்தான். லாரி, பஸ் கற்றுக்கொடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால் சாதாரண ஃபுல் இன்சூரன்ஸ் கைகொடுப்பது கஷ்டம். எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்கலாம். ஆற்றோரம் வண்டி நிறுத்துபவர்கள் யோசிக்கலாம், மற்றவர்களுக்கு நான் வற்புறுத்த மாட்டேன்.

ஐந்தாம் படி: யாரிடம் வாங்குவது

தேர்டு பார்ட்டி அடிப்படைப் பிரீமியம் அரசு நிர்ணயிப்பது. 2022 ஜூன் 1 முதல் அமலான அறிவிப்பில் 1,000 சி.சி. வரையிலான தனியார் காருக்கு 2,094, அதற்கு மேல் 1,500 வரை 3,416, அதற்கும் மேல் 7,897 ரூபாய். எந்தக் கம்பெனியிடம் போனாலும் இந்தப் பகுதி மாறாது, இதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. கம்பெனிகள் போட்டி போடுவதெல்லாம் சொந்தச் சேதப் பகுதியில்தான். ஆகவே 'எங்களிடம் பாதி விலை' என்று ஒருவர் சொன்னால் எதை வெட்டியிருக்கிறார் என்று பாருங்கள். சில சமயம் வண்டியின் மதிப்பையே குறைத்துப் போட்டிருப்பார்.

ஏஜெண்ட் பொதுக் காப்பீட்டில் ஒரே கம்பெனிக்குத்தான் வேலை செய்ய முடியும். அவரிடம் ஒப்பீடு கேட்டுப் பயனில்லை. ஆனால் அந்தக் கம்பெனி அலுவலகத்தில் உட்கார்ந்து உங்கள் கடிதத்துக்குப் பதில் வாங்கித் தருவார், சர்வேயர் வரும் நாளில் பட்டறைக்கு வந்து நிற்பார். ஒன்று இரண்டு வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வேலூரில் கிளை உள்ள கம்பெனி, ஊரில் முகம் தெரிந்த ஏஜெண்ட். ஏஜெண்ட் வேண்டாம் என்றால் கிளைக்கே நேரில் போகலாம். பொதுத்துறையில் நியூ இந்தியா, நேஷனல், ஓரியண்டல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா என்று நான்கு இருக்கின்றன. பில் போட அரைநாள் ஆகலாம். ஆனால் வித்தியாசமான பயன்பாட்டை உட்கார்ந்து கேட்டு எழுதித் தர அங்கே ஒரு அதிகாரி இருப்பார்.

புரோக்கர் பல கம்பெனிகளிடம் விலை கேட்டு வருவார், சட்டப்படி அவர் வாடிக்கையாளர் பக்கத்து ஆள். ஐந்தாறு வண்டி, ஒரு லாரி, நான்கு மாஸ்டர், வருடம் முழுக்க மாணவர்கள் என்று இருந்தால் புரோக்கரைத் தேடுவது லாபம். எல்லா வண்டிக்கும் ஒரே தேதியில் புதுப்பிக்கும்படி செய்யச் சொல்லுங்கள். நாலு தேதியை மனதில் வைத்து நானே ஒன்றை மறந்திருக்கிறேன்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் ஜெராக்ஸோடு சேர்த்து இன்சூரன்ஸும் போடுகிற கடைகள் வசதிதான். ஆனால் அங்கே பெரும்பாலும் முன்கூட்டியே வரையறுத்த, எளிய பாலிசிகளைத்தான் விற்பார்கள். ஐந்து நிமிடத்தில் தேர்டு பார்ட்டி வந்துவிடும், 'பயிற்சி' என்ற சொல் வராது. ஷோரூமில் புது கார் எடுத்தால் மூன்று வருடத் தேர்டு பார்ட்டியும் ஒரு வருடச் சொந்தச் சேதமும் சேர்த்துத் தருவார்கள். அங்கேதான் வாங்க வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அங்கே வாங்கியிருந்தால், எல் போர்டு மாட்டுவதற்கு முன்னால் அந்த மூன்று வருடப் பகுதியையும் சேர்த்தே திருத்தி வாங்குங்கள்.

ஆன்லைன்? என் சொந்த பைக்குக்கு இன்றும் ஆன்லைன்தான். ஸ்கூல் வண்டிக்கு, பயிற்சி என்ற கேள்வி திரையில் வந்தால் மட்டும் மேலே போங்கள். வராவிட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

ஆறாம் படி: பணம் கட்டிய அன்றே

பாலிசி வந்தவுடன் டீ குடிக்கிற நேரத்தில் பார்த்துவிடலாம். எஞ்சின் எண், சேசிஸ் எண், ஓனர் பெயர், தொடங்கும் நேரம், போனஸ் சதவீதம், ஐ.எம்.டி. எண்கள், பயிற்சி பற்றிய வரி. போனஸைத் தவறாகக் கூட்டிப் போட்டு விலை குறைப்பவர்கள் உண்டு. கிளெய்ம் வரும்போது பழைய கம்பெனியிடம் கேட்பார்கள், மாட்டுவது நீங்கள். பாலிசி உண்மையானதா என்பதைக் கம்பெனி இணையதளத்தில் எண்ணைப் போட்டும், சில நாள் கழித்து எம்பரிவாகன் செயலியில் இன்சூரன்ஸ் தேதி ஏறியிருக்கிறதா என்றும் பார்க்கலாம். செக் கொடுத்திருந்தால் அது பணமாகும் வரை நிம்மதி கிடையாது. செக் திரும்பினால் பாலிசியும் போச்சு.

ஏழாம் படி: அடிபட்டால்

முதலில் ஆள், பிறகு வண்டி. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை உண்டு, முன்பணம் என்று யாரும் நிற்க வைக்கக் கூடாது.

படம் எடுக்கும்போது எல் போர்டும் சேர்ந்து தெரியட்டும். கம்பெனிக்கு அன்றே சொல்லுங்கள், சர்வேயர் பார்க்கும் முன் பட்டறையில் கழற்ற விடாதீர்கள். மாணவரின் எல்.எல்.ஆர். நகலோடு, ஸ்கூல் பதிவேடுகளான படிவம் 14இல் அவர் சேர்ந்த பக்கத்தையும், படிவம் 15இல் அன்றைய ஓட்டும் நேரத்தையும் காட்டுங்கள். சனிக்கிழமை சனிக்கிழமை மொத்தமாக எழுதுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. விபத்து செவ்வாய்க்கிழமை நடந்தால் அந்தப் பக்கம் காலியாக இருக்கும்.

கிளெய்மை மறுத்தால் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் ஏற்கும்படி இல்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) ஒரு வருடத்துக்குள் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். நான் போகவில்லை. 'இல்லை' என்று தட்டிய படிவம் என் செல்போனிலேயே இருந்ததே.

மாணவரின் சொந்தக் காரில் போய்க் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர்களுக்கு

வி.ஐ.டி. பக்கமும் சத்துவாச்சாரியிலும் இப்போது இதற்குத்தான் கிராக்கி. அந்தக் காரின் பாலிசி ஓனருடையது, டபுள் கண்ட்ரோல் இல்லை, ஹேண்ட்பிரேக் ஒன்றுதான் உங்கள் ஆயுதம். ஸ்கூல் லைசென்ஸ் இல்லாமல் கூலிக்குக் கற்றுக்கொடுப்பது சட்டப்படி சரியில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் உள்ள ஸ்கூல் மூலம் போனாலும், தங்கள் கம்பெனியிடம் கேட்டுவிடும்படி ஓனரிடம் முதல் நாளே சொல்லுங்கள். காலை ஆறு மணிக்கு வண்டியில் ஏறும் முன் பாலிசியின் கடைசித் தேதியை நீங்களே ஒரு முறை பாருங்கள். நான் பார்த்த ஒரு காரில் அது முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது, டேஷ்போர்டில் பிள்ளையார் மட்டும் புத்தம் புதிதாக இருந்தார்.